குளிர்கால இருமலும் மருந்துக்கடை மாத்திரையும்

(இல்லமும் நலமும் – மாதப் பகுதி)

கார்த்திகை பிறந்துவிட்டால் வடக்கே குளிர் வந்துவிடுகிறது. பெட்டியில் கிடந்த ரஜாய்கள் வெயில் காண மாடிக்குச் செல்கின்றன. அவற்றோடு இருமலும் வந்து சேர்கிறது. நம் ஊரில் மழைக்காலத்து ஜலதோஷம் மூன்று நாள் விருந்தாளி. இங்கோ புகையும் பனியும் கலந்த காற்றில், ஒருவர் தேறும் முன் மற்றொருவர் படுக்க, ஒரு வீட்டில் தை மாதம் வரை இருமல் ஓய்வதில்லை.

இருமல் வந்தவுடன் நம்மில் பலர் செய்வது என்ன? தெருமுனை மருந்துக்கடைக்குச் சென்று, "ஏதேனும் நல்ல மாத்திரையாகக் கொடுங்கள்" என்று கேட்டு, ஐந்து மாத்திரை வாங்கி வருகிறோம். அல்லது விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அப்பளத்தோடும் சாம்பார்ப் பொடியோடும் சேர்த்துக் கொண்டுவந்த அட்டையிலிருந்து இரண்டை எடுத்து விழுங்குகிறோம். அவ்வாறு விழுங்குபவை பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். அவை எப்போது உயிர் காக்கும், எப்போது வீண், எப்போது தீங்கு என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

இப்பகுதியை எழுதுபவன் மருத்துவன் அல்லன். ரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை பார்ப்பவன். ஆகையால் மருந்தின் அளவையோ, இன்னாருக்கு இன்ன மருந்து என்பதையோ இங்கே எழுதப்போவதில்லை. அவை மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது என்பதை அறிந்திருப்பது மட்டும் இல்லத்தார் ஒவ்வொருவரின் கடமை.

மருந்து எதைக் கொல்கிறது?

நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்களில் பாக்டீரியா என்றும் வைரஸ் என்றும் இரு பெரும் வகைகள் உண்டு. பாக்டீரியா தனக்கெனச் சுவரும் உள்ளுறுப்புகளும் கொண்ட ஓர் உயிர். பெனிசிலின் இனத்து மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. வேறு சில மருந்துகள் அதன் உள்ளே புரதம் உண்டாவதை நிறுத்துகின்றன. வைரஸுக்கோ அத்தகைய சுவரும் இல்லை, சொந்தத் தொழிற்சாலையும் இல்லை. அது நம் உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றைக் கொண்டே பெருகுகிறது. ஆகவே ஆன்டிபயாட்டிக் அதைத் தொடுவதே இல்லை. சளிக்கும் இருமலுக்கும் பெரும்பான்மையான காரணம் இந்த வைரஸ்களே.

"ஆனால் போன முறை மாத்திரை சாப்பிட்டதும் குணமாயிற்றே" என்று கேட்கலாம். சாதாரண ஜலதோஷம் ஏழு முதல் பத்து நாட்களில் தானே தணியும் இயல்புடையது. நாம் நான்காம் நாள் கடைக்குச் செல்கிறோம். ஏழாம் நாள் தேறுகிறோம். புகழ் மாத்திரைக்குப் போகிறது. நிலையத்தில் மணி அடித்ததால்தான் வண்டி வந்தது என்று குழந்தை எண்ணுவது போன்றது இது.

மூக்கும் தொண்டையும்

மூச்சுப் பாதையை மேல்தடம், கீழ்த்தடம் என மருத்துவர் இரண்டாகப் பிரிப்பர். மூக்கு, நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள எலும்பறைகள், தொண்டை, இவற்றோடு இணைந்த காது ஆகியவை மேல்தடம். மூச்சுக்குழாயும் அதன் கிளைகளும் நுரையீரலும் கீழ்த்தடம். மேல்தடத்து நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படுவதில்லை. விலக்குகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

முதல் விலக்கு தொண்டைப் புண். மூக்கொழுக்கும் தும்மலும் இருமலும் சேர்ந்து தொண்டை வலித்தால் அது பெரும்பாலும் வைரஸ். இருமலே இன்றிக் கடுங்காய்ச்சலும், கழுத்தின் முன்புறத்தில் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டியும், உள்நாக்கின் இருபுறச் சதைகளில் வெண்படலமும் காணப்பட்டால், சிறப்பாக ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளிடம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா காரணமாக இருக்கலாம். இதை அசட்டை செய்தல் கூடாது. சிகிச்சையின்றி விட்டால் சில பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் மூட்டுகள் வீங்கும் ருமாட்டிக் காய்ச்சல் தோன்றி, இதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிடும். தொண்டையில் தொடங்கிய நோய் இதய அறுவை வரை கொண்டுபோகும். இதற்குப் பழைய பெனிசிலினும் அதன் இனத்து அமாக்சிசிலினும் இன்றும் நல்ல மருந்துகள். மருத்துவர் பத்து நாள் மாத்திரை எழுதினால் மூன்றாம் நாள் வலி தீர்ந்தாலும் பத்து நாளும் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது மூக்கடைப்பு. மூக்குச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பாக்டீரியா என்று பலர் முடிவு கட்டுகின்றனர். அது சரியன்று. நோயை எதிர்க்கும் நம் வெள்ளணுக்களின் பொருளே அந்த நிறத்தைத் தருகிறது. வைரஸ் சளியிலும் அது வரும். நிறத்தைவிட நாட்களை எண்ணுவதே மேல். பத்து நாளாகியும் சற்றும் தணியாவிட்டால், அல்லது தேறி வந்த நோய் மீண்டும் காய்ச்சலோடும் முகவலியோடும் ஏறினால், மருத்துவரைக் காண வேண்டும்.

மூன்றாவது காதுவலி. பெரிய பிள்ளைகளுக்குப் பல சமயம் வலி மருந்தோடு இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காதுவலியோடு காய்ச்சல் இருந்தாலும், எவ்வயதினருக்கும் காதில் சீழ் வடிந்தாலும், மருத்துவரே பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

நெஞ்சுக்குள் இறங்கினால்

கீழ்த்தடத்திலும் எல்லா இருமலும் ஒன்றல்ல. மூச்சுக்குழாய் அழற்சியில் நெஞ்சு கரகரக்கும், சளி வரும், இருமல் இரண்டு மூன்று வாரம் கூட நீடிக்கும். ஆயினும் திடமான உடலுடையவருக்கு இதுவும் பெரும்பாலும் வைரஸின் வேலையே. ஆன்டிபயாட்டிக்கால் பயன் மிகச் சிறிது. கைக்குழந்தைகளுக்குக் குளிரில் வரும் நுண்குழாய் அழற்சியும் அவ்வாறே. அதற்கு மாத்திரை தேவையில்லை. ஆனால் மூச்சைக் கவனித்தல் மிகவும் தேவை.

நிமோனியா வேறு. அதில் நுரையீரலின் காற்றறைகளே நீராலும் சீழாலும் நிறைந்துவிடுகின்றன. பாக்டீரியாவால் வந்த நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் உயிர் மருந்து. தாமதம் உயிரைக் கேட்கும். சாதாரணச் சளிக்கு வேண்டாம் என்று சொன்ன அதே மருந்தை இங்கே உடனே வேண்டும் என்று சொல்கிறோம். வேறுபாட்டைக் காண வீட்டிலுள்ளோர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. அது மூச்சை எண்ணுதல்.

குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும்போது, சட்டையைச் சற்று உயர்த்தி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது பிழை தரும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை இது: இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதக் குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. இருமலும் வேக மூச்சும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் கூடுதல் ஆபத்து. குழந்தை குடிக்க மறுத்தாலும், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாலும், எழுப்ப முடியாமல் மயங்கினாலும், இழுப்பு வந்தாலும், உதடு நீலம் பூத்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சலோ வேக மூச்சோ கண்டாலே காத்திருத்தல் ஆகாது.

பெரியவர்களுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சிழுத்தால் விலாவில் குத்துவலி, துருநிறச் சளி, படியேறாமலே மூச்சுவாங்குதல் ஆகியவை அடையாளங்கள். நிமிடத்துக்கு 30 மூச்சு என்பது பெரியவருக்குக் கடுமையான நோயின் குறி. நம்மோடு வந்து தங்கியிருக்கும் வயது முதிர்ந்த பெற்றோரிடம் காய்ச்சலே தெரியாமலும் போகலாம்; உணவில் வெறுப்பும், திடீரெனப் பேச்சில் தடுமாற்றமும் மட்டுமே தோன்றலாம். கோவிட் காலத்தில் வாங்கிய விரல்முனை ஆக்சிஜன் கருவி அலமாரியில் இருக்குமாயின் எடுத்து வைத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே காட்டினால் மருத்துவரை நாடுங்கள். கருவி நன்றாகக் காட்டினாலும் ஆள் நன்றாக இல்லையெனில் ஆளையே நம்புங்கள்.

இரண்டு வாரம் கடந்த இருமல்

எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றை இங்கே சொல்லுதல் தகும். நம் தமிழ்ப் பெண்மணி ஒருவருக்கு மார்கழியில் இருமல் தொடங்கியது. கணவருக்கு இரவுப் பணி. பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். மருத்துவமனை வரிசையில் அரை நாள் நிற்க நேரமில்லை. கடையில் கேட்டு ஐந்து நாள் மாத்திரை வாங்கினார். காய்ச்சல் தணிந்தது, பின் திரும்பியது. இரண்டாம் முறை வேறு கடை, வேறு மாத்திரை. மூன்றாம் முறை லீவோஃப்ளாக்சசின். அதில் நன்றாகவே தேறினார், பசியும் வந்தது. நோய் போயிற்று என்று எல்லோரும் எண்ணினோம். பங்குனியில் சளியில் இரத்தம் கண்டபோது எடை எட்டுக் கிலோ குறைந்திருந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது.

மூன்றாம் மாத்திரையில் அவர் தேறியதன் காரணத்தை மருத்துவர் பின்னர் விளக்கினார். அந்த இன மருந்துக்குக் காசக் கிருமியையும் ஓரளவு அடக்கும் ஆற்றல் உண்டு. ஒழிக்கும் அளவுக்கு அன்று, மறைக்கும் அளவுக்கு. அந்த மறைவில் நோய் உள்ளே பரவுகிறது, பரிசோதனை தள்ளிப்போகிறது, கிருமி அம்மருந்தை எதிர்க்கவும் கற்றுக்கொள்ளலாம். அவ்வம்மையார் ஆறு மாதம் முறையாக மருந்துண்டு நலம் பெற்றார். பிள்ளைகளையும் சோதித்து, நோய் இல்லையென உறுதி செய்து, தடுப்பு மருந்து கொடுத்தனர். முன்பே சோதித்திருந்தால் அம்மூன்று மாதத் துன்பமும் அச்சமும் இல்லை.

ஆகவே இரண்டு வாரம் கடந்த இருமல் எதுவாயினும் சளிப் பரிசோதனை தேவை. அரசு நிலையங்களில் அப்பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். சிகிச்சை பெறுவோரின் சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்ந்தது. ஊர் மாறி வந்த நமக்கும் அதில் உரிமை உண்டு. இடமாற்றம் வந்தால் சிகிச்சையைப் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம், நிறுத்த வேண்டியதில்லை. காசநோயை மறைப்பதில் மானம் ஏதும் காப்பாற்றப்படுவதில்லை. பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பதா?

மொழியால் வரும் தொல்லை

நமக்கே உரிய இடர் ஒன்று உண்டு. தமிழில் மூக்கொழுகினாலும் சளி. நெஞ்சில் கட்டினாலும் சளி. இந்தியில் முன்னது ஜுகாம், பின்னது பல்கம். நெஞ்சுச் சளியை ஜுகாம் என்று சொன்னால் மருத்துவர் மூக்கைப் பார்த்து அனுப்பிவிடுவார். சில சொற்களை நம் தாய்மார்கள் மனப்பாடம் செய்து வைப்பது நன்று.

வறட்டு இருமல் – சூக்கீ கான்ஸி.
சளியோடு இருமல் – பல்கம் வாலீ கான்ஸி.
மூச்சு வாங்குகிறது – ஸான்ஸ் பூல் ரஹீ ஹை.
குழந்தைக்கு விலா உள்வாங்குகிறது – பஸ்லீ சல் ரஹீ ஹை.
இரண்டு வாரமாக இருமல் – தோ ஹஃப்தே ஸே கான்ஸி ஹை.

நான்காவது தொடர் மிகவும் பயனுடையது. இதைக் கேட்டால் இந்தி பேசும் செவிலியர் குழந்தையின் நிலையை எளிதில் புரிந்துகொள்வர்; இப்பகுதி மக்கள் குழந்தைகளின் நிமோனியாவை அப்பெயராலேயே அறிவர். பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் செல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பத்து வயதுச் சிறுவன் அம்மாவின் சளியில் இரத்தம் என்று சொல்லக் கூசி விட்டுவிடலாம். பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சங்கத்தில் கேட்டால் மறுப்பார் இலர்.

சிவப்புக் கோடு

1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: குறைந்த அளவில் விழுங்கினால் கிருமிகள் சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்பதே அது. நம் நாட்டில் 1954-இல் புனே அருகே பிம்பிரியில் பெனிசிலின் தொழிற்சாலை நிறுவப்பட்டபோது, அரிய மருந்து எளியோர்க்கும் கிடைக்கும் என்று நாடு மகிழ்ந்தது. கிடைத்தது, எளிதாகக் கிடைத்ததே பின்னர் இடராயிற்று. பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் இன்று மருத்துவமனைகளில் பெருகியுள்ளன. அவற்றுள் ஒரு வகையின் எதிர்ப்பாற்றலுக்குக் காரணமான பொருளுக்கு 2009-இல் நம் தலைநகரின் பெயரையே இட்டார்கள்; அதைக் கேட்டு நாட்டில் பலர் மனம் வருந்தினர். 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பிரகடனம் என்னும் திட்டத்தை வகுத்தன.

சட்டமும் உண்டு. ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. 2014 மார்ச் முதல் நடப்புக்கு வந்த எச்-1 அட்டவணையின்படி, செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் முதலிய சில மருந்துகளை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். 2016-இல் மத்திய அரசு, அட்டையின் மேல் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டின்றி உண்ணாதீர் என்று பிரசாரம் செய்தது. தண்டவாளத்தோடு வாழும் குடும்பங்களுக்குச் சிவப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் இம்மருந்துகளை மூன்று அடுக்காக வகுத்தது. முதலில் எடுக்கத்தக்கவை ஓர் அடுக்கு. அமாக்சிசிலின் அதில் உள்ளது. கவனத்தோடு எடுக்க வேண்டியவை இரண்டாம் அடுக்கு. நாம் ஜலதோஷத்துக்கு விழுங்கும் அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் அதில் உள்ளன. இறுதிக் காப்பாக வைக்க வேண்டியவை மூன்றாம் அடுக்கு. "பலமான மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பவர், நாளை நிமோனியாவுக்கு வேண்டிய மருந்தை இன்றைய தும்மலுக்குச் செலவிடுகிறார். எதிர்க்கப் பழகிய கிருமி விழுங்கியவரிடமே நிற்பதில்லை. ஒரே அறையில் உறங்கும் குழந்தைக்கும் பாட்டிக்கும் செல்கிறது.

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது ஆன்டிபயாட்டிக்கா? எத்தனை நாள்? எந்த அடையாளம் கண்டால் திரும்ப வர வேண்டும்? அவர் சொன்ன நாட்களுக்குக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். முன்பெல்லாம் நீண்ட நாள் கொடுத்தனர். இன்று கடுமையற்ற நிமோனியாவுக்குப் பல சமயம் ஐந்து நாளே போதும் என்கின்றனர். மருந்து வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரை வேறு மருத்துவரிடம் போய்க் குறை கூறாதீர்கள்; அவர் நமக்கு நன்மையே செய்தார். ஒவ்வாமை தந்த மருந்தின் பெயரைக் குடும்ப நோட்டில் எழுதி வையுங்கள். பழைய சீட்டுகளை ஒரு கோப்பில் சேருங்கள். ஊர்தோறும் மாறும் நமக்கு அக்கோப்பே குடும்ப வைத்தியர்.

வீட்டில் செய்யத்தக்கவை

வெதுவெதுப்பான நீர், மிளகு ரசம், சுக்குக் கஷாயம், உப்புநீர்க் கொப்புளிப்பு ஆகியவை தொண்டைக்கு இதம் தரும். ஒரு வயது கடந்த பிள்ளைக்குப் படுக்கும் முன் சிறிது தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒருபோதும் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்துக் குழந்தைகளுக்கு ஆவி பிடிப்பதைத் தவிருங்கள். வெந்த தோல் சளியைவிடப் பெருந்துன்பம். சிறு குழந்தைகளுக்குக் கடை இருமல் மருந்தும் வேண்டாம். மூடிய அறையில் கரி அங்கீட்டியை வைத்து உறங்குவது நுரையீரலுக்கு மட்டுமன்றி உயிருக்கே ஆபத்து.

நோய் வருமுன் காப்பது தடுப்பூசி. நிமோனியா உண்டாக்கும் ஹிப் கிருமிக்கான ஐந்துநோய்த் தடுப்பூசியை 2011-இல் முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும் ஆகும். பின்னர் அது நாடெங்கும் பரவியது. நிமோகாக்கஸ் தடுப்பூசியும் 2021 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகத் தரப்படுகிறது. பிரசவத்துக்கு ஊருக்குச் சென்று திரும்பும் தாய்மார்கள் தடுப்பூசி அட்டையை மறவாமல் கொண்டுவந்து, விட்டுப்போன தவணைகளை இங்கே போட்டுக்கொள்ள வேண்டும்.

இம்மாதம் நேயர்கள் ஒரு சிறு காரியம் செய்வார்களாக. வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடிட்ட பாதி அட்டைகள் எத்தனை உள்ளன என்று எண்ணுங்கள். அவற்றை "இருக்கட்டும், உதவும்" என்று திரும்ப வைக்க வேண்டாம். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அன்போடு கொடுக்கவும் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு காய்ச்சல்மானியையும், நொடிமுள் உள்ள ஒரு கடிகாரத்தையும், மூச்சு எண்ணிக்கை எழுதிய ஒரு சீட்டையும் வையுங்கள்.

அடுத்த இதழில் குளிர்காலத்து மூட்டுவலி பற்றிக் காண்போம்.